ஏமாந்தவர் கையெழுத்து

சின்ன முதலாளிக்கு தினமும் காலையில் ஒரு ஆங்கில வார்த்தை வரும். போனில் ஏதோ ஒரு ஆப். அது அனுப்புகிற வார்த்தையை அன்றைக்கே யாரிடமாவது பிரயோகித்துவிட வேண்டும். எழுத்தில் பிரயோகித்தால் இன்னும் விசேஷம், ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கிடைக்குமாம். நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிற மனிதர் நட்சத்திரம் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு எங்கள் தலையில் மிளகாய் அரைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அன்று வந்த வார்த்தை ‘ஹூட்விங்க்’.

“டிக்ஷ்னரி மேடம், இதுக்கு அர்த்தம் தெரியுமா?” என்று என் மேஜைமேல் போனை வைத்தார்.

எனக்கு வேறொரு பெயர் உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் நான் டிக்ஷ்னரி. மெத்தை செய்து விற்கும் கம்பெனியில் இங்கிலீஷ் எழுதத் தனியாக ஒரு ஆள் எதற்கு என்று கேட்பவர்கள், எங்கள் மெத்தையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள். அதைத் தாய்மொழியில் புகழ யாருக்கும் மனசு வராது. ‘டாக்டர்கள் பரிந்துரைக்கும் மெத்தை’ என்று ஆங்கிலத்தில் எழுதியது நான்தான். அந்த டாக்டர்கள் பெரிய முதலாளியின் மச்சான். ஒரே ஆள்தான், அதுவும் கண் டாக்டர். ஏமாற்றுவதற்கு நான் இத்தனை வருஷமாக உபயோகித்து வந்த ஆங்கிலச் சொற்கள் ஆஃபர், கேரண்டி, கண்டிஷன்ஸ் அப்ளை. ஏமாற்றுவதை ஏமாற்றுவது என்றே எழுதச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது.

“கண்ணக் கட்டி ஏமாத்துறது. கண்ணுல மண்ணத் தூவுறதுன்னு நாம சொல்றோமே, அது மாதிரி,” என்றேன்.

“கரெக்ட்! இத வச்சு ஒரு லெட்டர் வேணும். ஹலோவ வேலைய விட்டு அனுப்புறோம். மேனேஜ்மென்ட்ட அவ ஹூட்விங்க் பண்ணிட்டான்னு வரணும். வார்த்தைய சரியா யூஸ் பண்ணியிருக்கணும், பாத்துக்குங்க. தப்பா யூஸ் பண்ணா ஆப் ஒத்துக்காது.”

என் உற்சாகம் அந்த இடத்திலேயே செத்தது.

ஹலோ என்பது எங்கள் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் பெண். நாள் முழுக்க போனை எடுத்து ஹலோ சொல்வதால் அந்தப் பெயர். மெத்தை குழிந்துபோன கோபத்தில் கத்துகிறவர்களை அவள் பேசியே தூங்க வைத்துவிடுவாள். மெத்தை செய்ய வேண்டிய வேலையைக் கம்பெனியில் செய்த ஒரே ஜீவன் அவள்தான். அவளை வேலைக்கு எடுத்தபோது பெரிய முதலாளி வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். “குழந்தை குட்டி ஏதாவது?” முன்மேஜையில் சின்னக் குழந்தைக்காரிகளை உட்கார வைப்பதில்லை என்பது அவர் கொள்கை. குழந்தைக்குச் சளி பிடித்தால் கம்பெனிக்கே சளி பிடித்த மாதிரி லீவு போடுவார்களாம். அவள் “இல்ல சார்” என்றாள். அப்போது அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. புருஷன் எப்போதோ கம்பி நீட்டியிருந்தான். வேறு என்ன சொல்வாள்?

நாலு வருஷம் அந்தப் பொய்யை அவள் கட்டிக் காப்பாற்றினாள். முந்தைய நாள் அது உடைந்தது. பள்ளிக்கூடத்தில் குழந்தை படியில் விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது. அவள் கைபேசியை எடுக்காததால் ஆபீசுக்கே கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் சாப்பிடப் போயிருந்த நேரம். ரிசப்ஷன் பக்கம் ஏ.சி. நன்றாக இருக்கிறதென்று நின்றுகொண்டிருந்த சின்ன முதலாளி, தன் வாழ்நாளில் முதல்முறையாக ஆபீஸ் போனை எடுத்தார். “பொண்ணுக்கு அடிபட்டிருக்கு, அம்மாவ உடனே வரச் சொல்லுங்க.” பொய் அதோடு முடிந்தது.

வேலை போனால் போகட்டும் என்று விட முடியாது. அடுத்து எங்கே போய் நின்றாலும் முதலில் கேட்பது பழைய கம்பெனியின் கடிதத்தைத்தான். அதில் ஏமாற்றியதற்காக அனுப்பப்பட்டாள் என்று இருந்தால் ஒரு கடை வாசலில்கூட அவளை நிற்கவிட மாட்டார்கள். அவளும் குழந்தையும் நடுத்தெருவில் நிற்பதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைத்தான் நான் சரியாக எழுதித் தர வேண்டுமாம்.

“சார், ‘தெரிவிக்கவில்லை’ன்னு போடலாமே? டிட் நாட் டிஸ்க்ளோஸ்,” என்றேன்.

“சப்புன்னு இருக்கு.”

“மிஸ்லெட்? தப்பா நினைக்க வச்சுட்டான்னு வரும். கொஞ்சம் கௌரவமா இருக்கும்.”

“மேடம், எனக்கு வந்திருக்கறது ஹூட்விங்க். மிஸ்லெட் வர்ற அன்னிக்கு வேற யாரையாவது அனுப்பிக்கலாம்.”

இப்படிப்பட்டவரோடு என்ன பேச? எழுதினேன். மூன்றே வாக்கியம். இந்த ஊழியர் இன்ன தேதியில் வேலையில் சேர்ந்தார். தனக்குக் குழந்தை இருப்பதை மறைத்து நிர்வாகத்தை ஹூட்விங்க் செய்தார். ஆகவே இன்றோடு விடுவிக்கப்படுகிறார். வாசித்துப் பார்த்தால் இலட்சணமாகத்தான் இருந்தது.

எங்கள் கம்பெனியில் கடிதம் எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. பெரிய முதலாளி ஒருமுறை ஒரு ஆளை, வேலை நேரத்தில் தூங்கினான் என்று அனுப்பினார். மெத்தைக் கம்பெனியில். அவன் கோர்ட்டுக்குப் போனான். “இவர் தூங்கியதைப் பார்த்தது யார்?” என்று ஜட்ஜ் கேட்க, எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு மூக்குடைபட்டதிலிருந்து ஒரு சட்டம். வெளியே போகிற ஒவ்வொரு கடிதத்திலும், ஆபீஸ் பிரதியில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அதற்குப் பொறுப்பானவர் சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். மெத்தைக்கு உறை தைத்தவர் உள்ளே துண்டுச்சீட்டில் கையெழுத்துப் போடுவதில்லையா, அதைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை. வாக்கியத்துக்கு ஆள் இல்லையென்றால் வாக்கியம் போகாது.

முதல் வாக்கியத்துக்கு மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் போடுவார். இரண்டாவது வாக்கியத்தின் பக்கத்தில் பேனாவை வைத்தவரைத் தடுத்தேன். நல்லெண்ணத்தில்தான்.

“சார், அதுல போட்டா, நீங்கதான் ஏமாந்ததுன்னு ஆகும்.”

பேனா அந்தரத்தில் நின்றது. “நானா?”

“ஹூட்விங்க்னு சரியா சொல்லணும்னா, ஒருத்தர் கண்ண மறைச்சிருக்கணும். யாரு கண்ணுன்னு கேப்பாங்கல்ல? கையெழுத்துப் போட்டவர் கண்ணுதான்.”

“என்ன விளையாடுறீங்களா? எனக்குத் தெரியாதா? தெனமும் சாயங்காலம் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி அவ ஓடுற ஓட்டத்தப் பார்த்தா பச்சக் குழந்தைக்குக்கூடத் தெரியும், பச்சக் குழந்தைகிட்ட ஓடுறான்னு. ஒரு ரிசப்ஷன் பொண்ணு என் காதுல பூ சுத்த முடியுமா? வேற ஆளப் பாருங்க.”

வேறு ஆளைப் பார்த்தேன். குடோன்காரர், மெத்தைகளுக்கு நடுவே ஒரு மெத்தையாக உட்கார்ந்திருந்தார். கடிதத்தைப் படித்துச் சொன்னதும் சிரித்தார்.

“என்கிட்ட ஓரம் கிழிஞ்ச குழந்தைக் கட்டில் சைஸ் மெத்தை ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போனா. இவ்வளவு உசரம் வளர்ந்தவ அதுல படுக்குறதுன்னா மடங்கித்தான் படுக்கணும். நான் என்ன கேணையா? எனக்கு அன்னிக்கே தெரியும். ஏமாந்தவன் கிடைக்கலைன்னா என் பேர எழுதுவீங்களோ?”

எங்கள் ஆபீசில் வேலை தெரியாது என்று கூசாமல் சொல்வார்கள். விஷயம் தெரியாது என்று மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. கணக்குப் பிரிவில் கேட்டேன், தெரியுமாம். டெலிவரி வண்டி ஓட்டுகிறவருக்குக் குழந்தையின் பெயரே தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும்தான். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அவள் போனில் “பால் குடிச்சியா?” என்று கேட்பதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆக, கம்பெனி முழுக்கத் தேடியும் மறைக்கப்பட்ட ஒரு ஜோடிக் கண் அகப்படவில்லை. இருந்த ஒரே கண் டாக்டரும் வெளியூர் போயிருந்தார்.

கடைசியில் சின்ன முதலாளியிடமே நீட்டினேன். “சார், உங்களுக்கு நேத்துதானே தெரியும்? நீங்கதான் இதுக்குப் பொருத்தமான ஆளு.”

மனிதர் சந்தோஷமாகப் பேனாவைத் திறந்துவிட்டார். எனக்கே பயமாகப் போய்விட்டது.

“ஆனா ஒண்ணு சார். மத்த எல்லாருக்கும் தெரியுமாம். குடோன்காரருக்குக்கூடத் தெரியும். கம்பெனியில அவகிட்ட ஏமாந்தது நீங்க ஒருத்தர்தான்னு எழுத்துல வரும். வார்த்தை அப்போதான் கச்சிதமா உக்காரும்.”

அவர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். “எனக்கும் கொஞ்சம்... டவுட் இருந்துச்சு,” என்றார். “அப்பாகிட்ட போலாம்.”

பெரிய முதலாளியின் அறையில் எல்லாக் கடிதத்தையும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அதுவும் சட்டம். நான் படித்து, தமிழில் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு கண் திறந்தது.

“இதுக்கு ஏன் கையெழுத்து இல்ல?”

“ஏமாந்தவர் யாரும் கிடைக்கல சார். நிர்வாகம்னு எழுதியிருக்கோம். நிர்வாகம்னா நீங்கதானே? நீங்க போட்டுட்டா முடிஞ்சுது.”

இன்னொரு கண்ணும் திறந்தது. “நான் ஏமாந்தேன்னு நான் கையெழுத்துப் போடணுமா? யாருகிட்ட? ரிசப்ஷன்ல உக்காந்திருக்கற புள்ளகிட்டயா?”

“அப்பா, அது ஒரு வார்த்தைதான்...” என்று ஆரம்பித்தார் மகன்.

“நீ சும்மா இருடா. ஊரையே படுக்க வச்சவன் நான். என்னையே ஒருத்தி டபாய்க்கிறதா? அவ இன்டர்வியூவுக்கு வந்தப்போ தோள்ல பிஸ்கட் துப்புன கறை. அப்பத்தான் காஞ்சிருந்துச்சு. ‘குழந்தை இல்ல சார்’னு சொல்றா, கறை என்னைப் பார்த்து இளிக்குது. மூணு புள்ளைங்கள வளர்த்தவன்டா நான்.”

வளர்த்தது அவர் மனைவி. அதைத் திருத்த அது நேரமில்லை.

“தெரிஞ்சுமா சார் எடுத்தீங்க?” என்று கேட்டேன். இது உண்மையாகவே கேட்ட கேள்வி.

“தெரிஞ்சதாலதான் எடுத்தேன்.” தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக்காட்ட ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில். “பயந்துக்கிட்டே இருக்கறவ சம்பளம் கூட்டிக் கேக்க மாட்டா. லீவு கேக்க மாட்டா. எதுத்துப் பேச மாட்டா. இத்தன வருஷத்துல ஒரு நாள் கேட்டாளா? நீயே சொல்லு.”

கேட்டதில்லை. குழந்தைக்கு அம்மை போட்டபோதுகூட லீவு கேட்கவில்லை. தனக்கே உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் வராமல் இருந்து, அதற்குச் சம்பளம் வெட்டியதையும் வாங்கிக்கொண்டாள். அந்த மனிதரை அப்படியே அவர் மெத்தையால் அமுக்கிவிடலாமா என்று இருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

“அப்போ உங்களுக்கு ஆரம்பத்துலருந்தே தெரியும்னு எழுதிடட்டுமா சார்? வெளியில யாரும் உங்களத் தப்பா நினைச்சிடக் கூடாது பாருங்க.”

“எழுது. தெளிவா எழுது.”

“எழுதிடறேன். ஆனா, தெரிஞ்சே வச்சிருந்த ஆள இப்போ எதுக்கு அனுப்பினீங்கன்னு நாளைக்கு ஒரு ஜட்ஜ் கேட்டா?”

ஜட்ஜ் என்ற சொல் அவருக்கு ஆகாது. மூக்கைத் தடவிக்கொண்டார். பிறகு மகன் பக்கம் திரும்பி, “இப்ப யாரு அந்தப் புள்ளைய அனுப்பச் சொன்னது?” என்றார்.

அங்கேயே, அவர் மேஜையிலேயே எழுதினேன். இந்த ஊழியருக்குக் குழந்தை இருப்பது நிர்வாகத்துக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. அவர் வேலையில் தொடர்கிறார். பெரிய முதலாளி மூன்று வாக்கியத்துக்கும் பக்கத்தில் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். செய்தி பரவி, மேனேஜரும் வந்து தனக்கும் தெரியும் என்று முதல் வாக்கியத்தின் கீழே போட்டார். குடோன்காரர் மேலேறி வந்து போட்டார். ஒரு கடிதத்துக்கு எங்கள் கம்பெனியில் இவ்வளவு கையெழுத்து விழுந்து நான் பார்த்ததில்லை. கடைசி ஆளாக, வேறு வழியில்லாமல், சின்ன முதலாளியும் போட்டார். அவருக்கு அன்றைக்கு நட்சத்திரம் போச்சு.

எனக்குத் தலை கால் புரியவில்லை. ஜெயித்துவிட்ட மிதப்பு. காகிதத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கி ரிசப்ஷனுக்கு ஓடினேன். ஹலோ தன் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். டம்ளர், சீப்பு, மேஜையில் வைத்திருந்த சின்னச் சாமி படம் எல்லாம் பைக்குள் போயிருந்தன. அந்த நிலையிலும் ஒரு போனை எடுத்து, “ஹலோ, சொல்லுங்க சார், எந்தப் பக்கம் குழியுது?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வைத்ததும் காகிதத்தை நீட்டினேன்.

வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். “ஃப்ரம் தி பிகினிங்னா... ஆரம்பத்துலருந்தா மேடம்?”

“ஆமாம்மா! வேலை போகல. உன்மேல குறையே இல்லைன்னு அவர் கையாலயே போட வச்சுட்டேன்.”

அவள் கையெழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இவங்க எல்லாருக்குமா தெரியும்?”

“எல்லாருக்கும்தான்.”

“உங்களுக்கும்?”

சுருதி கொஞ்சம் இறங்கியது எனக்கு. “தெரியும்மா.”

துள்ளிக் குதிப்பாள், குறைந்தபட்சம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்துத்தான் ஓடி வந்தேன். அவள் காகிதத்தை மெதுவாக மடித்தாள்.

“என் பொண்ண நான் வெளியில என்னை அக்கான்னுதான் கூப்பிடச் சொல்லியிருக்கேன் மேடம்,” என்றாள். “பஸ்ல, கடையில, உங்கள்ல யாராவது பார்த்துட்டா தங்கச்சின்னு சொல்லிக்கலாமேன்னு. முதல்ல மறந்துடுவா, அம்மான்னு கத்திடுவா. தொடையில கிள்ளுவேன். அப்புறம் பழகிட்டா. இப்போ வீட்டுக்குள்ளயும் அக்காதான். நேத்து நெத்தியில தையல் போடும்போது, வலி தாங்காம, அக்கா அக்கான்னுதான் கத்துனா. நர்சு என்னைப் பார்த்து, ‘நீ வெளிய நில்லும்மா, அவ அம்மாவ வரச் சொல்லு’ன்னுட்டாங்க.”

மடித்த காகிதத்தை அவள் மேஜைமேல் வைத்தாள்.

“எல்லாருக்கும் தெரியும்னா, ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம். எங்களுக்குத் தெரியும், நீ பயப்படாதன்னு. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். காசு பணம் செலவில்லை. பாத்ரூமில் குழாயை நிறுத்தச் சொல்லி நான் ஒரு நாள் சொல்லியிருந்தால் போதும். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் பையிலிருந்து டம்ளரை எடுத்து மறுபடி மேஜையில் வைத்தாள். அடுத்த போன் வந்தது, எடுத்தாள்.

பெரிய முதலாளிக்குத் தாராள மனசு திடீரென்று பொங்கிவிட்டது. பள்ளி விட்டதும் குழந்தையை ஆபீசுக்கே கூட்டி வந்து உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். தையல் பிரித்த அன்று டெலிவரி வண்டிக்காரர் அவளைக் கூட்டி வந்தார். கன்னத்தில் மைப் பேனாக் கறை, நெற்றியில் பிளாஸ்திரி. பெரிய முதலாளி முதல் குடோன்காரர் வரை எல்லோரும் ரிசப்ஷனில் கூடிவிட்டோம். மேனேஜர் சாக்லேட் கொடுத்தார். “அம்மா மாதிரியே இருக்கே!” என்று ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளினோம். ஆரம்பத்திலிருந்தே தெரிந்தவர்கள் இல்லையா?

ஹலோ குழந்தை முன் முட்டி போட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் கேட்கிற மாதிரியே சொன்னாள். “இனிமே என்னை அம்மான்னே கூப்பிடலாம்டா கண்ணு. எங்கயும் கூப்பிடலாம்.”

குழந்தை நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சாக்லேட்டைப் பிடித்திருந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் தன் தொடையைப் பொத்தியபடி ஹலோவின் காதருகே போனாள்.

“இவங்க எல்லாரும் இருக்கும்போதேவா, அக்கா?”